வீரசோழன் சந்தைக்குத் தைரியம் வாங்கப் போனேன்

எழுபதுகளின் தொடக்கம், ஆடி மாதம். விருதுநகரில் காலை ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறினேன். அருப்புக்கோட்டைக்குக் கட்டணம் அறுபது பைசா. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு நோட்டு, ஒரு பென்சில். வீரசோழன் சந்தையில் சிக்கந்தர் ராவுத்தர் என்று ஒருவர் இருக்கிறார், இரண்டு குட்டியோடு ஆட்டு வியாபாரம் தொடங்கி இன்று ஒரே பேச்சில் நூறு உருப்படி வாங்குகிறார், பயம் என்றால் என்னவென்றே அறியாதவர் என்று என் மைத்துனர் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதிக்கொண்டு வரப் போனேன்.

அவசரம் இருந்தது. ஒரு பலசரக்கு மண்டியில் பதினாறு வருடமாக எடை போட்டுக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்து மூன்று. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை வாடகைக்கு வந்திருந்தது. எடுக்கிறேனா இல்லையா என்று அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் கட்டிடக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு கடைகளைத் ‘தைரியம் வரட்டும்’ என்று காத்திருந்தே கோட்டைவிட்டவன் நான். இதுவும் போனால் சாகிற வரைக்கும் அந்த மண்டிதான்.

ஆறே முக்காலுக்கு அருப்புக்கோட்டையில் வீரசோழன் பஸ். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒரு ரூபாய் இருபது பைசா.

“சந்தைக்கா அண்ணாச்சி? ஆடா, மாடா?” என்றார் கண்டக்டர்.

“ஆளைப் பாக்கப் போறேன்.”

“ஆளையும் விக்க ஆரம்பிச்சிட்டாகளா!” என்று டிக்கெட்டைக் கிழித்தார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

திருச்சுழி தாண்டியதும் பச்சை என்று சொல்லக் கருவேலைத் தவிர ஒன்றும் இல்லை. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. மழைக்கு முன்பே சிலர் மானாவாரிக் காட்டை உழுது போட்டிருந்தார்கள். நரிக்குடியில் எட்டு ஆளும் நாலு ஆடும் ஏறினார்கள். ஒரு வெள்ளாடு என் வேட்டியை மோந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒன்பது மணிக்கு வீரசோழன். டீ பதினைந்து பைசா. ராவுத்தரை விசாரித்துப் போனால், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர்! கட்டம் போட்ட லுங்கி, தோளில் பச்சைத் துண்டு. வந்த காரியத்தைச் சொன்னதும், “என்கிட்ட என்ன இருக்கு அண்ணாச்சி? நில்லுங்க, பாருங்க” என்றார்.

இந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் பத்து ரூபாய், பாதி விரலுக்கு ஐந்து. சுற்றி நிற்கிறவனுக்கு முகம் மட்டும்தான் தெரியும். உள்ளே நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது சந்தைக் கட்டுப்பாடு.

பதினொரு மணிக்குள் மூன்று பேரம் முடித்தார். மூன்றிலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி முகம். நான் விடாமல் எழுதினேன்: வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறார், சீனி இல்லாமல் டீ குடிக்கிறார், வெற்றிலை போடுவதில்லை. இரண்டு பக்கம் நிறைந்தது. தைரியம் எந்த வரியில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

“பாய், உள்ள என்ன செய்றீகன்னு பாக்கணுமே” என்றேன்.

“பாக்க முடியாது. பிடிச்சாத்தான் தெரியும். என்கிட்ட ஒரு குட்டி வாங்குங்க.”

வேறு வழியில்லாமல் ஒரு பெட்டைக்குட்டிக்குப் பேரம் பேசக் கையை நீட்டினேன். துண்டு விழுந்தது. அவர் கை என் கையைப் பிடித்ததும் திடுக்கிட்டுப் போனேன். ஈரமாக, சில்லென்று, நடுநடுங்கிக்கொண்டிருந்தது அந்தக் கை! நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். அதே கல்லு. எப்படியோ இரண்டரை விரலுக்கு, இருபத்தைந்து ரூபாய்க்குக் குட்டி முடிந்தது.

ஆள் விலகியதும் மெல்லக் கேட்டேன். “பாய், கை நடுங்குதே. உடம்புக்கு முடியலையா?”

அக்கம்பக்கம் பார்த்தார். “உள்ள நடந்ததப் பேசப்படாது. நீங்க யாவாரி இல்ல, அதனால சொல்றேன். பதினெட்டு வருசமா நடுங்குது. ஒத்தக் குட்டிக்கும் நடுங்கும், நூறு உருப்படிக்கும் நடுங்கும்.”

‘யாவாரி இல்ல’ என்றது நறுக்கென்று தைத்தது.

“நடுக்கம் நிக்கட்டும், பெறகு பாப்போம்னு மொத ரெண்டு வருசம் சும்மா நின்னு வேடிக்கை பாத்தேன் அண்ணாச்சி. கூட வந்தவன்லாம் ஆட்டை ஓட்டிட்டுப் போயிட்டான். அப்பறம்தான் நடுங்குற கையவே துண்டுக்குள்ள விட்டேன்.”

“எதிராளி கண்டுபிடிச்சு அமுக்கிர மாட்டானா?”

“அவன் கையும்ல நடுங்குது! அவனுக்கு அவன் கவலை. இப்ப உங்க கை மட்டும் சும்மாவா இருந்துச்சு?”

வெட்கமாக இருந்தது. அதோடு, ஒரு மூட்டையை இறக்கி வைத்த நிம்மதியும் இருந்தது. இரண்டு வருடம் நின்று பார்த்ததற்கே இந்த மனிதர் வருத்தப்படுகிறார். நான் பதினாறு வருடம் நின்றிருக்கிறேன்.

இரண்டு மணி பஸ். குட்டிக்கு அரை டிக்கெட் என்றார் கண்டக்டர். சண்டை போட்டுப் பார்த்து, கொடுத்தேன். வழியில் டயர் பஞ்சராகி ஒன்றரை மணி நேரம் பரளச்சிக்குப் பிரிகிற விலக்கில் வெயிலில் நின்றோம். அருப்புக்கோட்டையில் இறங்கும்போது ஐந்தே முக்கால். குட்டியை இடுக்கிக்கொண்டு ஓடினேன்.

கட்டிடக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். “என்ன அண்ணாச்சி, துணிஞ்சிட்டீகளா?”

“துணியல. எடுத்துக்கிறேன்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

விருதுநகரில் வீடு சேர எட்டு மணி. வாசலில் என் மனைவி. “தைரியம் கத்துக்கிட்டு வாரேன்னு போனீக, ஆட்டுக்குட்டியோட வந்து நிக்கீக?”

“அங்க அது யார்கிட்டயும் இல்ல. கடையப் பேசி முடிச்சிட்டேன்.”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “ஆத்தாடி! எனக்குப் பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான்” என்றேன். “கடைக்கு வெள்ளையடிக்க நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஆளை வரச்சொல்லிருக்கேன். நாலு மணிக்கு எழுப்பி விடு.”