ஞாயிற்றுக்கிழமை வள்ளம்

எங்கள் குடும்பத்தில் நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்க, எட்டாம் வகுப்போடு நின்ற நான் காலமான அண்ணரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுத முன்வந்தது அதிகப்படி என்று எனக்கே தெரியும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சப்படுகிறவள் நான். ஆனால் ஞாயிறுகளில் அந்த வள்ளத்தில் அவரோடு போய்வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், அண்ணரின் மனைவியான மச்சாள் என்னையே எழுதச் சொன்னார். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணர் கரம்பொனில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயாவைக் கடல் கொண்டுபோனதும் பள்ளிக்கூடத்தை விட்டு வலைக்குப் போய்த் தம்பி தங்கைகளை வளர்த்தார். தான் வேட்டி மாற்றாமல் எங்களுக்குத் திருநாள் உடுப்பு எடுத்துத் தந்தவர் அவர்.

அவர் குடித்ததை நான் மறைக்கவில்லை. கடைசி நாட்களில் அவரே சொன்னார்: "செத்தாப்பிறகு நல்லவர் வல்லவர் எண்டு மட்டும் எழுதிப்போடாதையுங்கோ. குடிச்சதையும் எழுதுங்கோ. ஆருக்காவது உதவும்."

மீன் விற்றுப் பங்கு பிரித்ததும் வள்ளத்து ஆட்கள் சேர்ந்து கள்ளுத் தவறணைக்குப் போவது எங்கள் கரை வழக்கம். போகாதவன் கூட்டாளிகளை மதிக்காதவன். அண்ணர் அங்கேதான் தொடங்கினார். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பூசை முடிந்ததிலிருந்து குடி.

வருடத்தில் ஒருமுறை மட்டும் அவரை முழுதாகக் கண்டோம். கோயில் கொடியேற்றத்தன்று நேர்த்தி வைப்பார். கொடி இறங்கும் வரை ஒரு சொட்டும் தொடமாட்டார். அந்த நாட்களில் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கிழிந்த வலை பொத்துவார். மச்சாள் சிரித்துப் பேசுவார். ஆனால் இறக்கிய கொடியை மடித்து முடிக்குமுன் அண்ணர் தவறணையில் இருப்பார். அப்படி ஒரு வருடம் நடந்த பிறகு மச்சாள் மகளுடன் இறுப்பிட்டியிலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டார். "கொடியிறங்கின அண்டைக்கு அவர் குடிவெறியில்லாமல் படுத்தார் எண்டு அறிஞ்சால் வருவன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதன்பின் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் எழுவைதீவுக்காரர் ஒருவரை அண்ணர் கண்டார். எல்லோரும் தவறணைக்குப் போக, அவர் மட்டும் தேத்தண்ணிக் கடையில் இருந்தாராம்.

"என்ன அண்ணை, வயித்துக்குச் சரியில்லையோ?" என்று அண்ணர் பகிடி பண்ணினார்.

"வயிறு நல்லம் தம்பி. ஆள்தான் சரியில்லை. எங்களைப்போல குடியை விடப்பாக்கிற கொஞ்சப் பேர் ஞாயிறு பின்னேரத்தில எங்கட மீன்வாடியில கூடுறம். வாரும்."

அண்ணர் சில கிழமைகள் யோசித்தார். பிறகு என்னிடம் வந்து, "தனியப் போக வெக்கமாக் கிடக்கு. நீயும் வா, பிள்ளை" என்றார். கூச்சப்படுகிறவருக்குக் கூச்சப்படுகிறவள் துணை.

முதல் நாள் எங்கள் வள்ளத்தில் எழுவைதீவுக்குப் போனோம். அவர் உள்ளே போக, நான் அந்த வாடிக் கொட்டிலுக்கு வெளியே குந்தியிருந்தேன். யாரும் புத்தி சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு நடந்ததைச் சொன்னார்கள். அண்ணர் திரும்பி வரும்போது, "எல்லாரும் என்ர கதையைத்தான் சொல்லுறாங்கள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தில் பாய் விரித்துப் போவதைக் கண்டு ஊர் பேசியது. தவறணைக்குத் தவறாமல் போகும் எங்கள் அயலவர் ஒருவர் கரையில் நின்று, "என்ன மச்சான், ஞாயிறும் கடலோ? வலையில்லாமல் மீன் பிடிக்கிற வித்தையை எங்களுக்கும் காட்டன்" என்பார். ஓய்வுநாளில் தொழில் செய்து ஞாயிறு முறிக்கிறவன் என்ற பெயரை அண்ணர் சுமந்தார். குடிகாரர் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்ல அப்போது அவருக்கு ஏலவில்லை.

இடையில் சறுக்கியும் இருக்கிறார். அப்போதும் வாடியில் அவருக்கு இடம் இருந்தது. திருநாள் நெருங்கியபோது, இந்த முறையும் நேர்த்தி வைக்கப்போவதாக அங்கே சொன்னார்.

"எதுவரைக்கும்?" என்று எழுவைதீவுக்காரர் கேட்டார்.

"கொடியிறங்கும் வரைக்கும்."

"அப்ப கொடியைத்தான் பாத்துக்கொண்டிருப்பீர். இங்க கொடியில்லை, தம்பி. இண்டைக்குப் படுக்கும் வரைக்கும். நாளையான் பாட்டை நாளைக்குப் பாப்பம்."

கொடி இறங்கிய அன்று அண்ணர் எங்கள் வாசல் படலையையும் தவறணைக்குப் போகும் ஒழுங்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது எழுவைதீவு வள்ளம் கரைக்கு வந்தது. வாடியே எழுந்து எங்கள் குசினிக்கு வந்ததுபோல் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். அண்ணர் பாயில் சரிந்து நித்திரையான பிறகுதான் அவர்கள் எழும்பினார்கள்.

நான் இறுப்பிட்டிக்குச் சொல்லியனுப்பினேன். மச்சாள் பெட்டியோடு வந்தார். "மெலிஞ்சு போனீர்" என்று மட்டும் அண்ணர் சொன்னார்.

பிறகு வந்தவை நல்ல வருடங்கள். மகளின் கலியாணத்தைப் பார்த்தார். நெஞ்சு வருத்தம் வந்து நோயில் படுத்த பிறகும் ஞாயிறு பின்னேரம் காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார். இன்றும் அந்த நேரம் வந்தால், "வாறியோ, பிள்ளை?" என்ற குரலுக்கு என் காது படலைக்குப் போகிறது. சுக்கான் பிடித்த அந்தக் கையை இன்னொருமுறை காணமாட்டேனா என்றிருக்கிறது.

அவருடைய வருத்தத்தில் துணைநின்றவர்களுக்கும், குழி வெட்டிச் சுமந்தவர்களுக்கும், செத்த வீட்டில் சாராயம் வேண்டாம் என்ற எங்கள் சொல்லை மதித்தவர்களுக்கும், எழுவைதீவு அண்ணைமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது அந்த அயலவர் என்னிடம் வந்தார். தன் பெயர் போடாமல் இதை எழுதச் சொன்னவரும் அவரே.

"தங்கச்சி, நாளைக்கு வள்ளம் போகுமோ?"

"போறதுக்கு ஆள் வேணுமே" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் வள்ளம் எழுவைதீவுக்குப் போனது. அவர் சுக்கான் பிடித்தார். நானும் போனேன்.