வெட்டிய மூச்சு

என் அக்கா ஜாஸ் பாடகி. இருபது வருடம் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் பாடினாள். கரண்டிச் சத்தத்துக்கு மேல் குரல் எழக்கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு. அவள் போட்ட ஆறு ஆல்பமும் அதே தாலாட்டுத்தான். "கேட்டா நல்லா தூக்கம் வருதுங்க" என்று புகழ்வார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்வாள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

ஏழாவது ஆல்பத்துக்குப் பியானோவே வேண்டாம் என்றாள். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் மட்டும் போதும் என்றாள். அடிவயிற்றிலிருந்து கத்திப் பாடினாள். ஸ்டூடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குப் புல்லரித்தது.

மறுவாரம் ஸ்டூடியோவில் அதைப் போட்டுக் கேட்டோம். குரல் இருந்தது, ஆள் இல்லை. அக்கா எழுந்துவிட்டாள்.

"என் மூச்சு எங்க?"

சவுண்ட் இன்ஜினியர் சிரித்தார். "நீங்க மூச்சு வாங்குற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டேன்மா. ஆறு ஆல்பத்துலயும் அப்படித்தானே பண்ணேன்?"

ஆறிலுமா! மெல்லப் பாடியதில் அது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அந்த மனுஷன் காதைத் திருகலாம்போல் இருந்தது எனக்கு.

"இத்தனை வருஷமா பொணத்தையா பாட வெச்சீங்க?" என்று சீறினாள் அக்கா. "வெட்டினதையெல்லாம் திரும்பச் சேருங்க."

"மூச்சிரைக்கிறது கேட்டா, ரெக்கார்டிங் சரியில்லைன்னு ஜனங்க திருப்பிக் கொடுத்துடுவாங்கம்மா."

"கொடுக்கட்டும்," என்றாள் அக்கா. "பாடுறவ உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுக் கொடுக்கட்டும்."