பாலம் இல்லாத ஆறு

வெள்ளம் எங்கே, எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல அடையாற்றைக் கம்ப்யூட்டரில் ஓடவிடுவதுதான் என் வேலை. ஆற்றைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட வைப்போம். நேரான இடங்களில் சமர்த்தாக ஓடும். பாலத்தின் தூண்களை நெருங்கினால் சுழல் கிளம்பும். சுழலுக்குள் சுழல், அதற்குள் இன்னொன்று. கணக்கு தறிகெட்டு நின்றுவிடும். 'வெடிச்சிடுச்சு' என்போம் ஆபீசில்.

அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. கணக்கிலிருந்து பாலத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, மற்றதெல்லாம் சரியா என்று பார்த்த பிறகு திரும்ப வைப்பது. போன வருட மழைக்காலத்தில் மூன்று நாள் தொடர்ந்து வெடித்தது. எரிச்சலில் நானும் எடுத்தேன். ஜோராக ஓடியது. திரும்ப வைக்க மறந்தேன். தினமும் பைக்கில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், வெட்கக்கேடு.

பெருங்களத்தூர்ப் பக்கம், அந்தப் பாலத்துக்குச் சற்று முன்னால், ஆற்றோரத் தெருவில் அக்கா வீடு. தரைத்தளம். முன்னறையில் ஆறு தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மழை வலுத்த ஒரு காலையில் போன் செய்தாள்.

"தம்பி, தண்ணி உள்ள வருமா? மாமா மெஷினையெல்லாம் மாடிக்கு ஏத்திடலாங்கறாரு."

திரையைப் பார்த்தேன். "வந்தா முழங்கால் வரைக்கும்தான்கா. கட்டில் மேல வெச்சா போதும்."

வந்தது மார்பளவு. ஆகாயத்தாமரை தூண்களில் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்ள, போக வழியில்லாத தண்ணீர் தெருவுக்குள் திரும்பிவிட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக மூழ்குவதை அக்காவும் மாமாவும் மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறார்கள். தேறியது இரண்டுதான்.

வடிந்த பிறகு போனேன். சேறு தள்ளிக்கொண்டிருந்த மாமா, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க, மச்சான்" என்றார். பாலத்தை எடுத்த கதையை அக்காவிடம் சொல்லி அழுதேன். அவளுக்குப் புரியவில்லை.

"எந்தப் பாலத்தடா? அது அங்கயேதான இருக்கு?" என்றாள்.

பாலத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். வெடிக்கிறது, சரிசெய்கிறேன், மறுபடி வெடிக்கிறது. ஓடினாலும் எனக்கே நம்பிக்கை வருவதில்லை. எவ்வளவு ஆகாயத்தாமரை வரும் என்று எந்த முக்கோணத்துக்குத் தெரியும்? இத்தனை வருடம் படித்தது எல்லாம் வீண் என்றே தோன்றுகிறது. விட்டுவிடலாம் என்றால் வேறு வேலை தெரியாது.

இந்த வருடம் மழை பிடித்தும் அக்காவிடமிருந்து போன் இல்லை. நானே கூப்பிட்டேன். மூச்சு வாங்கினாள், மெஷினை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்களாம்.

"அக்கா, இந்தத் தடவை..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் தம்பி, சொல்லாத. நீ சொன்னா நான் நம்பிடுவேன்."