ஸ்கிம்மர் பொங்கிய வாரம்

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஓர் உப்புநீர் மீன்தொட்டி இருக்கிறது. தண்ணீரிலுள்ள அழுக்கை நுரையாக்கி ஒரு கோப்பையில் சேர்க்கும் ஸ்கிம்மர், அந்த வாரம் பொங்கி வழிய ஆரம்பித்தது. நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் தரை நனைந்திருக்கும்.

"இன்னொரு தடவ வழிஞ்சா தொட்டிய வித்துருவேன் லா," என்றார் என் கணவர்.

எனக்குத் தூக்கமே போய்விட்டது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். மெஷின் என்றாலே ஒதுங்கிப் போய்விடுவேன். ஆனாலும் கோப்பையைக் கழுவினேன், காற்றுக் குழாயை மாற்றினேன். பலனில்லை. ஸ்கிம்மர் நிற்கும் கீழ்த்தொட்டியில் தண்ணீர் கூடினாலும் பொங்கும் என்றார் மீன்கடைக்காரர். மறுநாள் காலை வழக்கம்போல் வற்றிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் டேப் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் தண்ணீர் டேப்புக்கு மேலே நின்றது. வற்ற வேண்டிய தண்ணீர் எப்படி ஏறும்? பகலில் வீட்டிலிருப்பவர் இரவு ஷிப்ட் பார்க்கும் என் கணவர் மட்டும்தான்.

"ஏங்க, இதுல தண்ணி ஊத்துனீங்களா?"

"ஆமா, இந்த வாரம் பூரா தெனமும் ஊத்துறேன். வெயிலுக்கு வத்திப் போச்சுன்னா மீனுங்க பாவம்ல?"

"அலமாக்! நான் காலையிலயே ஊத்திட்டுத்தானே போறேன்!"

சிரித்துக்கொண்டே இருவரும் அதிகத் தண்ணீரை மொண்டு எடுத்தோம். அடுத்த நாள் தரை காய்ந்திருந்தது. கோப்பையில் அழுக்கெல்லாம் கெட்டியான பழுப்பு நுரையாகச் சேர்ந்திருந்தது. அதைப் படமெடுத்து வேலையிடத்தில் எல்லோரிடமும் காட்டினேன்.

அவருக்கு என் மீன்களைப் பிடிக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு. அதைப் பற்றி மட்டும் நான் கவலைப்படுவதே இல்லை.