பின்னிருக்கை ஹெல்மெட்

என் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கறுப்பு ஹெல்மெட் தொங்குகிறது. என்னிடம் வண்டி கிடையாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் என்பதால், பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்தேன். கேட்டு நடந்தவன் என் அக்கா மகன் ஒருவன்தான். சென்னைக்கு வேலைக்குப் போன மறு வருடம் திண்டுக்கல்லுக்கு பைக்கிலேயே வந்து இறங்கினான், இரண்டு ஹெல்மெட்டுகளோடும் ஒரு நண்பனோடும்.

நண்பனும் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலைச் சேர்ந்தவன்தான். நாலு தெரு தள்ளி வளர்ந்த இருவரும் பேசிக்கொள்ள சென்னை வரை போக வேண்டியிருந்தது. அங்கே வீட்டுக்காரரிடம் அண்ணன் தம்பி என்று சொல்லிக் குடியேறியிருந்தார்கள். அன்று மாலை அக்கா மகன் தனியாக வந்து, "மாமா, அவன் வெறும் ஃப்ரெண்டு இல்ல. எனக்கு எல்லாமே அவன்தான்" என்றான்.

"வண்டிய நிறுத்துனப்பவே தெரிஞ்சுச்சு மாப்ள. ஃப்ரெண்டுக்கு எவனாச்சும் தன்னோடத விட நல்ல ஹெல்மெட்டா வாங்குவானா?"

சிரித்தான். அப்படி அவன் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பிறகு நண்பனுக்குப் பெண் பார்த்தார்கள். அவன் வேண்டாம் என்றதும் அவன் அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார், அவன் சம்மதித்தான். எங்கள் வழக்கப்படி திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும். மூன்றாம் ஞாயிறு அக்கா மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தடை தெரிந்தவர்கள் கோவிலில் இருவர் இருந்தோம்; முன்வரிசையில் இருந்த மணமகனைச் சேர்த்தால் மூவர்.

"மாமா, நான் போய்ச் சொன்னா நிப்பாட்டுவாங்களா?"

நடைமுறை கேட்டால் எனக்குப் பதில் வராமல் இருந்ததில்லை. "விசாரிப்பாங்க. ஒன்னையும் விசாரிப்பாங்க, அவனையும் விசாரிப்பாங்க. ஊரே விசாரிக்கும்."

முன்பெஞ்சைப் பிடித்திருந்த கையை எடுத்தான். "அவன் தாங்க மாட்டான் மாமா. வேணாம்." பூசை முடியும்வரை எல்லோரோடும் எழுந்தான், முழங்காலிட்டான், ஒரு செபத்துக்கும் வாய் திறக்கவில்லை. சென்னைக்குத் திரும்பும்போது நண்பனின் ஹெல்மெட்டை இந்த ஆணியில் மாட்டினான்.

சென்னையில் வேறு அறைக்கு மாறிவிட்டான். புது வீட்டுக்காரரிடம் தனியாள் என்று சொன்னானாம். இந்த முறை பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன்னைப் போன்றவர்கள் கூடும் இடம் ஒன்றுக்கு ஞாயிறுகளில் போகிறான். இன்னும் யாரோடும் பேசவில்லை.

போன மாதம் வந்தபோது, "வாங்க மாமா, பேகம்பூர்ல பிரியாணி சாப்பிட்டு வரலாம்" என்றான். நான் சொன்ன விதியை நானே மீற முடியாது. ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துப் போட்டேன். கழுத்து வாரின் கொக்கி மட்டும் மாட்டவே வரவில்லை. அவன் வண்டியிலிருந்து இறங்கி, என் மோவாயை நிமிர்த்தி, மாட்டிவிட்டான். கையை உடனே எடுக்கவில்லை.

"அவனுக்கும் இத மாட்டத் தெரியாது மாமா."