உள்ளங்காலுக்கு ஒரு கண்ணாடி

"...செருப்பு மாட்டிக்கினு மலை ஏறினா அப்புறம் நான் இன்னா குருசாமி? பின்னால வர்ற பசங்க நாளைக்கு ஷூ போட்டுக்கினு வருவானுங்க. நீயே சொல்லும்மா," என்றார் வீட்டுக்கார அண்ணன்.

என் மனைவி தரையில் உட்கார்ந்து அவருடைய வலது காலில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். கையில் கட்டுத் துணி இருக்கும்போது அவள் யாருக்கும் பதில் சொல்ல மாட்டாள். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே போர்ட்டிகோவில் கருப்பு வேட்டி கட்டிய சாமிகள் பஜனைக்குக் காத்திருந்தார்கள். மறுநாள் இருமுடி கட்டு.

வீட்டுக்கார அண்ணன் என்றால், சேலையூரில் நாங்கள் குடியிருக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரர். இந்த ஊரே வயலாக இருந்த காலத்திலிருந்து இருக்கிற குடும்பம். என் மனைவி அவருக்குத் தங்கச்சி மாதிரி, அதனால் நான் மச்சான். சபரிமலைக்கு அது அவருடைய பதினெட்டாவது வருஷம். பதினெட்டாவது வருஷம் போகிற சாமி தென்னங்கன்று சுமந்துகொண்டு போக வேண்டும். கன்று மாடியில் தொட்டியில் தயாராக இருந்தது. கால்தான் தயாராக இல்லை.

அவருக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய் ரொம்ப நாள் ஆகிறது. மாலை போட்டதிலிருந்து வெறுங்காலோடு கேம்ப் ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடந்ததில் ஜல்லி ஒன்று கட்டை விரலுக்குக் கீழே குத்தி உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. ஹால் தரையில் அங்கங்கே சிவப்பாக இருந்ததை அண்ணி பூஜைக் குங்குமம் என்று நினைத்துத் துடைத்திருக்கிறார். மறுநாளும் துடைத்திருக்கிறார். மூன்றாம் தடவை, "சாமிக்கு இம்மாம் குங்குமம் ஆவாதே" என்று சந்தேகம் வந்துதான் எங்கள் கதவைத் தட்டினார்.

அன்றிலிருந்து அவரை டாக்டரிடம் கூட்டிப்போனது, தினமும் சாயங்காலம் கட்டு மாற்றியது எல்லாம் இவள்தான்.

இவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரிட்டையர் ஆகிறவரை கடைசியில் பல வருஷம் சர்க்கரைப் புண் வார்டு. நான் ஆட்டோக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். நான் படித்ததெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து ஜனங்கள் பேசியதுதான். தாம்பரம் ஸ்டாண்டில் எனக்குப் பெயர் கிடையாது, "சிஸ்டர் வீட்டுக்காரர்"தான். "ஊருக்கே சிஸ்டராச்சே, உனக்கு மட்டும் எப்படி மச்சான் சம்சாரம் ஆனாங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பெருமைதானே.

என் இரண்டு தங்கைகளுக்கும் நின்று கல்யாணம் செய்து வைத்தவள் அவள். என் அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது, மருமகள் உடம்பு துடைப்பதா என்று கூச்சப்பட்டு வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, "மாமா, இதைப் போட்டா நான் நர்ஸு. கழட்டினாத்தான் மருமக" என்றாள். அதற்கப்புறம் தினமும் காலையில் அப்பா கோணின வாயால் கேட்பார்: "யாரு வந்திருக்கறது? நர்ஸா, மருமகளா?" நர்ஸ் என்றால் திரும்பிப் படுப்பார். மருமகள் என்றால் காபி கேட்பார்.

சனிக்கிழமை ஆனால் பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போவாள். அவள் வார்டில் வந்து போனவர்கள் நிறையப் பேர், அரசாங்கம் குடிசைகளை எடுத்தபோது அங்கே வீடு கிடைத்துப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரி தூரமாகிவிட்டது, புண் தூரமாகவில்லை என்பாள். நான்தான் ஆட்டோவில் கொண்டுபோய் விடுவேன். மாடி மாடியாக ஏறி ஒவ்வொருத்தர் காலையும் பார்ப்பாள்.

அதற்கு அவளிடம் ஒரு கண்ணாடி இருந்தது. பச்சை பிளாஸ்டிக் விளிம்பு வைத்த வட்டக் கண்ணாடி, தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியது. அதைத் தரையில் வைத்து, அதன் மேலே பாதத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வாள். உள்ளங்கால் அப்படியே தெரியும். அவள் பார்ப்பதற்கு அல்ல, அவர்கள் பார்ப்பதற்கு. "உங்க காலை தினமும் நான் வந்து பார்க்க முடியாது. நீங்க பார்க்கக் கத்துக்கோங்க" என்பாள். கண்ணாடியில் பார்க்காதவர்களுக்குக் கட்டுப் போட மாட்டாள். அதை வாங்கின புதிதில் நான் கேட்டிருக்கிறேன், பொம்பளைங்க கைப்பையில கண்ணாடி வெச்சிருக்கறது மூஞ்சி பார்க்கத்தானே என்று. "மூஞ்சியைப் பார்க்க ஊர்ல ஆள் இருக்கு" என்றாள்.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் போய்விட்டாள். காலையில் காபி போட்டு வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து ஜனங்கள் வந்தார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மூஞ்சியப் பாத்து பேசினவங்க எத்தினியோ பேருப்பா. எங்க காலைப் பாத்தது இது ஒண்ணுதான்" என்றார்.

அண்ணன் கதைக்கு வருகிறேன். அது அவள் போவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது.

கட்டுப் போட்டுப் போட்டுப் புண் மூடுகிற பக்குவத்துக்கு வந்திருந்தது. செருப்போடு போவதானால் மலைக்குப் போகலாம், வெறுங்காலோடு என்றால் கூடாது, மறுபடி கிழிந்தால் விரலோடு நிற்காது, காலே போகும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் அதைக் காதில் வாங்கவே இல்லை. தினமும் கட்டு மாற்றும்போது விட்டத்தைப் பார்ப்பார், டிவியைப் பார்ப்பார், கண்ணாடியை மட்டும் பார்க்க மாட்டார். மாலை போட்டவரிடம் அவளும் கறாராக இருக்க முடியவில்லை. வாழ்க்கையில் அவள் விட்டுக்கொடுத்த ஒரே கால் அதுதான்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் கட்டு மாற்றும்போது காலுக்குக் கீழே பேப்பர் விரித்தாள். துடைக்கிற சாக்கில் பாதத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேப்பரை கேம்ப் ரோட்டில் செருப்புக் கடை வைத்திருக்கிற பாயிடம் கொடுத்து, சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்து ரப்பர் செருப்பு சொன்னாள். பாய் யாருக்கு என்று கேட்டுவிட்டு, "நீலத்துல வேணாம் சிஸ்டர், ஆஸ்பத்திரி செருப்புன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். கருப்புல தர்றேன், வேட்டியோட போயிடும்" என்றாராம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் செருப்பைத்தான் அன்றைக்குப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள். பேப்பரைப் பிரித்ததும்தான் அண்ணன், இத்தனை வருஷ வழக்கம், இன்னிக்குன்னு பார்த்து இப்படி, செருப்பு மாட்டிக்கினு மலை ஏறினா நான் இன்னா குருசாமி என்று ஆரம்பித்தார்.

கட்டுப் போட்டு முடித்தாள். கை கழுவிக்கொண்டு வந்தாள். கண்ணாடியைத் தரையில் வைத்தாள்.

"சாமி, அந்தக் காலை விடுங்க. நல்ல காலைக் காட்டுங்க."

நல்ல கால்தானே என்று அண்ணன் இடது பாதத்தைத் தூக்கிப் பிடித்தார். நான் டார்ச் அடித்தேன். குதிகால் ஓரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. நடுவில் ஈரச் சிவப்பு. எங்களுக்கும் அப்போதுதான் தெரியும். இவ்வளவு நாள் எல்லாரும் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வலிக்குதா?" என்றாள்.

"இல்லியே."

"அதான் சாமி பயமா இருக்கு."

அண்ணன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"பதினெட்டுப் படிக்குக் கீழே கழட்டிடுங்க. படி மட்டும் வெறுங்கால். மத்ததுக்கெல்லாம் இது," என்று செருப்பை அவர் பக்கம் தள்ளினாள். "யாராவது கேட்டா நர்ஸு சொன்னான்னு சொல்லுங்க. பாவம்னா அது என் தலையில இருக்கட்டும். நீங்க ரெண்டு காலோட வந்து பிரசாதம் குடுங்க."

வெளியே யாரோ, "குருசாமி, நேரமாவுது" என்று குரல் கொடுத்தார்கள்.

அண்ணன் அவளை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். குதிகால் வெடிப்புக்கு அவள் மருந்து வைத்துக் கட்டுகிற வரைக்கும் காலை அசைக்காமல் நீட்டியிருந்தார். அப்புறம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பு இரண்டிலும் காலை நுழைத்தார். குனிந்து கண்ணாடியை எடுத்தார். சரக் சரக்கென்று போர்ட்டிகோவுக்கு நடந்து போய், முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் வயசு சர்க்கரைக்கார சாமிக்கு எதிரில் அதைத் தரையில் வைத்தார்.

"சாமி, காலைத் தூக்கு," என்றார்.