ஜப்பான் ஆட்டமும் என் தாள ஞானமும்

மூன்று ஞாயிறுக்கு முன்னால் என் மைத்துனன் முரளி பெங்களூரிலிருந்து வந்தான். வழக்கமாக ஒரு டஜன் வாழைப்பழத்தோடு வருவான். இந்த முறை ஒரு சி.டி.யோடு வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

எங்கள் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மகள் நித்யாவின் படிப்புக்காக வாங்கியது. பூப்போட்ட உறை போர்த்திக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும். ஆயுத பூஜைக்குக் குங்குமம், மற்ற நாட்களில் எப்போதாவது ஒரு சீட்டாட்டம்... இதுவரை அது ஆற்றிய கல்விப் பணி இவ்வளவுதான்.

முரளி கொண்டு வந்தது ஒரு ஜப்பான் விளையாட்டு. அந்த ஊர்க் கடைத்தெருவில் இதற்கென்றே ஆளுயர மெஷின் வைத்திருக்கிறார்களாம். காசு போட்டு, நின்றபடியே பட்டன்களைத் தட்டிப் பாட்டு வாசிக்க வேண்டுமாம். அதை யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஆடுகிற மாதிரி செய்துவிட்டான்.

திரையில் மேலிருந்து சின்னச் சின்னக் கட்டைகள் விழும். கீழே ஒரு கோடு. கட்டை கோட்டைத் தொடுகிற அதே நொடியில் அதற்கான கீயைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டு ஒழுங்காக வரும். 'கிரேட்' என்று எழுத்து மின்னும். கொஞ்சம் பிசகினால் 'குட்'. இன்னும் பிசகினால் 'பேட்'. அதற்கும் கீழே ஒரு வகுப்பு உண்டு — 'புவர்'.

"தாளம் தெரிஞ்சவங்களுக்கு இது ரொம்ப ஈஸி மாமா" என்றான் முரளி.

தாளமா? யாரிடம் பேசுகிறான்?

என் அப்பா சேலத்திலிருந்து மில் வேலைக்காக மைசூர் வந்தவர். எங்கள் குடும்பத்தில் சங்கீதம் என்றால் ரேடியோ, அவ்வளவுதான். நான் அப்படியில்லை. இருபது வருஷமாக எங்கள் பகுதி சபாவில் எனக்கு முதல் வரிசை. தொடையில் நான் போடுகிற ஆதி தாளம் கடைசி வரிசை வரை கேட்கும். மிருதங்க வித்வான்கள் வாசிப்பின் நடுவே அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பாராட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கட்டைகள் விழுந்தன. தட்டினேன்.

புவர். புவர். பேட். புவர். புவர்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பாட்டு பாதியில் நின்றுவிட்டது. திரையில் ஜப்பான் மொழியில் ஏதோ எழுதி வந்தது. படிக்கத் தெரியாததில் ஒரு சௌகரியம்.

கீபோர்டு சரியில்லை என்றேன். ஜப்பான்காரனின் தாளக் கணக்கே வேறு என்றும் ஒரு விளக்கம் கொடுத்தேன். நித்யா, "அப்பா, ஸ்வல்ப தள்ளுங்க" என்று கன்னடம் கலந்த மைசூர்த் தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பாதிக்கு மேல் 'குட்' வந்தது. வயசுப் பிள்ளை, வந்துவிட்டுப் போகட்டும்.

அப்போதுதான் வத்சலா ஹாலுக்கு வந்தாள். என் மனைவி. ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். கச்சேரிக்கு என்னோடு வந்தால் புடவைகளைத்தான் பார்க்கிறாள் என்பது என் அபிப்பிராயம். "நான் ஒரு தடவை பார்க்கவா?" என்று கேட்டாள். பெருந்தன்மையோடு இடம் கொடுத்தோம்.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டாள். கீபோர்டு பக்கம் திரும்பவே இல்லை. கிரேட். கிரேட். கிரேட்... நடுவில் இரண்டே இரண்டு 'குட்'. பாட்டு முழுசாக ஓடி முடிந்தது. அது ஒரு பாட்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல மாஸ்டர் ஸ்கேலால மேஜையைத் தட்டுவார். ஒரு தட்டுக்கு ஒரு எழுத்து. அதேதான் இது" என்றாள். எழுந்து போகும்போது, காய்கறி விலை சொல்கிற மாதிரி சாதாரணமாக இன்னொன்றும் சொன்னாள்.

"நீங்க எப்பவும் கொஞ்சம் முந்திடறீங்க. கச்சேரியிலயும் அப்படித்தான்."

"இருபது வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க சந்தோஷமா தட்டிட்டிருந்தீங்க."

மறுநாளே மண்டி மொஹல்லா சந்துக்குள் ஸ்கூட்டரை நுழைத்துப் புதுக் கீபோர்டு வாங்கி வந்தேன். அதிலும் புவர். வயிற்றுவலி என்று ஆபீசுக்கு லீவு போட்டேன். வீட்டில் யாரும் இல்லாத பகல் பொழுதுகளில் ஒரு அரசு ஊழியன் ஜப்பான் கட்டைகளோடு போராடினான். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக மிக்ஸி ரிப்பேரா என்று விசாரித்தார். நாலு நாள் சாதகத்தில் நான் அடைந்த முன்னேற்றம் — புவரிலிருந்து பேட்.

இந்த வயதில் இவ்வளவு வெறி எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது. சபாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மிருதங்கப் போட்டி. முதல் பரிசு ஒரு புது மிருதங்கம். நடுவர் நான் ஒருவன்தான்.

மனசு கேட்கவில்லை. சபா செயலாளர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். எனக்குத் தாளம் நிற்காது, வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"நடுவருக்கு அதெல்லாம் எதுக்கு சார்? டைமுக்கு வரணும், கடைசி வரைக்கும் உக்காரணும். நோட்டீஸ் அடிச்சாயித்து" என்றார்.

என் மனைவியைப் போடலாம், அவளுக்குக் காது சுத்தம் என்றேன். உங்கள் மனைவி சங்கீதத்தில் வித்வத் பரீட்சை முடித்திருக்கிறாரா என்று கேட்டார். டைப்ரைட்டிங் ஹையர் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியில் வருகிற நகைச்சுவையைவிட இது நன்றாக இருந்ததாம்.

ஆக, போன ஞாயிற்றுக்கிழமை நடுவர் மேஜையில் நான். பக்கத்து நாற்காலியில், நான் கெஞ்சிக் கூட்டிப்போன வத்சலா.

பதினோரு பிள்ளைகள் வாசித்தார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டு பெண்கள். ஒருத்தி உள்ளூர்ப் பெண். கை மழை மாதிரி கொட்டியது. முடிக்கும்போது ஹாலே எழுந்து கை தட்டியது. என் கை தன்னால் தொடைக்குப் போனது. நான் போட்ட தாளமும் அவள் வாசிப்பும் அப்படியே ஒட்டிக்கொண்டன. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்னொருத்தி முதல் பஸ் பிடித்து ஹனூரிலிருந்து அம்மாவோடு வந்தவள். இரவல் மிருதங்கம், ஒரு பக்கத்துத் தோல் வார் அறுந்து கயிற்றால் கட்டியிருந்தது. படபடப்பு எதுவும் இல்லாமல் வாசித்து முடித்தாள். நாலு பேர் கை தட்டினார்கள்.

பென்சிலால் முதல் பெண்ணுக்கு ஒன்பது போட்டேன். ஹனூர்ப் பெண்ணுக்கு ஆறு.

வத்சலா என் பக்கம் சாய்ந்தாள். "அந்தப் பொண்ணு ஓடிட்டே போறா. ஆரம்பிச்ச வேகம் வேற, முடிச்ச வேகம் வேற. இந்தப் பொண்ணு ஒரு இடத்துலகூட நகரல."

ஹால் மொத்தமும் ஒரு பக்கம். டைப்பிஸ்ட் ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம் போவது? என் காதைக் கேட்டால் முதல் பெண்தான். ஆனால் என் காது எப்படிப்பட்டது என்று ஜப்பானிலிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார்களே!

ரப்பர் எடுத்து அழித்தேன்.

முடிவைச் சொன்னதும் ஹாலில் முணுமுணுப்பு. பின் வரிசையிலிருந்து ஒருவர் காரணம் கேட்டார். முதல் பெண் கொஞ்சம் முந்திவிடுகிறாள், எனக்கும் அதே வியாதி உண்டு, அதனால் தெரியும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முணுமுணுப்பு அடங்கிவிட்டது. முதல் பெண் மட்டும் சிரிக்காமல் யோசித்தாள். அவள் தேறிவிடுவாள் என்று பட்டது.

புது மிருதங்கத்தை ஹனூர்ப் பெண் மடியில் வைத்து, உறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவள் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, அத்தன கைதட்டலுக்கு நடுவால எம்புள்ள வாசிச்சத நீங்க ஒருத்தருதான் சரியாக் கேட்டீங்க."

இங்கே ஒரு நிமிஷம் நான் தடுமாறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"நான் கேட்கலம்மா. கேட்டது இவங்க" என்று வத்சலாவைக் காட்டினேன்.

அந்த அம்மாள் வத்சலாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்க என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பெரியவங்க பெரியவங்கதானுங்க. எத்தன அடக்கம்."

பக்கத்தில் நின்ற செயலாளர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, அந்த அடக்கத்துக்காகவே எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்.

வத்சலாவுக்கு ஒரு டிபன் டோக்கன் கொடுத்தார்கள்.